பழைய மாடல் ரயில் என்ஜினுக்கு டிசிசி, ஒலி பொருத்துவது: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புதியவர்களுக்கு

அலமாரியில் இருபது முப்பது ஆண்டுகளாகத் தூங்கும் லிமா, ஹார்ன்பி, பாக்மன், அதர்ன் என்ஜின்கள் நம் பக்கத்து வீடுகளிலும் உண்டு. வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்தவை, பெங்களூரில் வேலைபார்த்தபோது வாங்கியவை, பழைய பொருளாகக் கைமாறியவை. இவற்றில் பெரும்பாலானவற்றை டிசிசி என்னும் டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு மாற்றி, உண்மையான டீசல் ஒலியோடு ஓட்ட முடியும். வேலை கடினமானதன்று. வரிசை தவறினால்தான் பணம் வீணாகும். என்ஜினுக்குள் வைக்கும் சின்ன மின்னணுப் பலகையான டீகோடரை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ப என்ஜினைத் திறப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். முதலில் என்ஜினைச் சரிசெய்யுங்கள், பிறகு மோட்டாரைத் தனிமைப்படுத்துங்கள், டீகோடரைக் கடைசியில் வாங்குங்கள். இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது.

இங்கே சொல்வதெல்லாம் 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில், இரண்டு தண்டவாளத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கும் ஹெச்ஓ, ஓஓ அளவு என்ஜின்களுக்கு. மூன்று தண்டவாள முறையில் ஓடும் பழைய மார்க்லின் என்ஜின்களின் மோட்டார் அமைப்பே வேறு. அவற்றை இந்த முறையில் மாற்ற முயலாதீர்கள்.

எப்படி வேலை செய்கிறது

பழைய டிசி முறையில் தண்டவாளத்தின் வோல்ட்டை ஏற்றி இறக்கி வேகத்தை மாற்றுகிறோம். முனைகளை மாற்றினால் வண்டி பின்னால் போகும். டிசிசி முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் இருக்கும். ஹெச்ஓ அளவில் 14 முதல் 15 வோல்ட் போதும். அந்த மின்சாரமே திசைமாறித் துடித்துக் கட்டளைகளையும் சுமந்து வருகிறது. என்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் படித்து மோட்டாருக்கும் விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. தண்டவாளத்திலிருந்து வரும் மின்சாரம் டீகோடரைத் தாண்டாமல் நேரே மோட்டாரைத் தொடவே கூடாது. தொட்டால், அந்த நொடியிலேயே டீகோடரின் மோட்டார் பகுதி எரியும். பழைய என்ஜின்களில் மோட்டாரின் ஒரு முனை உலோகச் சேசிஸோடு, அதாவது அடிச்சட்டத்தோடு, சேர்ந்தே இருக்கும். டிசி காலத்தில் அதுதான் எளிய வழி. இன்று நாம் முதலில் பிரிக்க வேண்டிய இணைப்பும் அதுதான்.

வாங்க வேண்டியவை, கிடைக்கும் இடங்கள்

டீகோடரும் தரமான ஒலிப் பலகையும் (ஒலியும் சேர்ந்த டீகோடர்) இணையவழியாகத்தான் வரும். இறக்குமதிப் பொருள் என்பதால் சுங்க வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் எஸ்.பி. ரோடு சுமார் 40 கி.மீ. தூரம்தான். ரெசிஸ்டர், எல்இடி, ஆர்டுவினோ, மெல்லிய ஒயர் எல்லாம் அங்கே சில்லறையாகவே தருவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி நகரங்களில் செல்போன் ரிப்பேர் கடைகளை விட்டுவிடாதீர்கள். நமக்கு வேண்டிய, சூடு தாங்கும் மஞ்சள் நிற வெப்ப டேப், ஈயம் ஒட்ட உதவும் நல்ல ஃப்ளக்ஸ், சின்ன ஸ்பீக்கர் மூன்றும் அங்கே இருக்கும்.

ஒரு என்ஜினுக்கு வேண்டியவை இவை: 25 வாட் சால்டரிங் அயர்ன் கூர்முனையோடு, 0.5 அல்லது 0.8 மி.மீ. 60/40 ஈயக் கம்பி, ரோசின் ஃப்ளக்ஸ், 10 ஆம்பியர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர், 30 அல்லது 32 கேஜ் ஒயர் ஐந்தாறு நிறத்தில் தலா ஒரு மீட்டர், 1.5 மி.மீ., 2 மி.மீ. ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூட்டில் சுருங்கி ஒயரை மூடுவது) அரை மீட்டர், வெப்ப டேப் ஒரு சுருள், 1 கிலோ ஓம் கால் வாட் ரெசிஸ்டர் நான்கு, 3 மி.மீ. வார்ம் ஒயிட் எல்இடி இரண்டு; ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 100 மி.லி.; பிளாஸ்டிக்கை அரிக்காத மெல்லிய எண்ணெய், ஊசி முனையோடு.

ஃப்ளக்ஸ் வாங்கும்போது கவனம் வேண்டும். தகர வேலைக்கு விற்கும் அமிலப் பேஸ்ட்டைத் தவிருங்கள். அது சில மாதத்தில் மெல்லிய ஒயரைப் பச்சை பூக்க அரித்துவிடும். அறுபட்ட இடம் ஹீட் ஷ்ரிங்குக்குள் இருந்தால் கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

முதலில் என்ஜின் டிசியில் ஒழுங்காக ஓட வேண்டும்

டிசியில் தத்தளிக்கும் என்ஜின் டிசிசியில் சரியாகிவிடாது, மோசமாகத்தான் ஓடும். மேல்கூட்டைக் கழற்றுங்கள். பழைய கிரீஸ் பெரும்பாலும் மெழுகுபோல இறுகியிருக்கும். கியர்களை வெளியே எடுத்து ஆல்கஹாலில் பல்துலக்கும் தூரிகையால் கழுவுங்கள். ஆல்கஹால் சில பெயின்ட்டைக் கரைக்கும், மேல்கூட்டில் படவிடாதீர்கள்.

கியரைக் கழுவும்போதே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அச்சில் இறுக்கமாக ஏற்றிய பிளாஸ்டிக் கியர்கள் ஆண்டுகள் போகப்போக விரிசல் விடும். சக்கரம் ஒவ்வொரு சுற்று வரும்போதும் 'டக்' என்று தட்டினால் காரணம் அதுதான். ஒட்டினால் நிற்காது, கியரை மாற்ற வேண்டும்.

மோட்டாரில் ப்ரஷ் என்னும் கார்பன் துண்டுகள் உரசும் செம்புத் தகடுகளான கம்யூட்டேட்டர் கறுத்திருக்கும். ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள். தகடுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய பள்ளங்களில் கார்பன் தூள் அடைந்திருந்தால் பல்குத்தும் குச்சியால் வழித்தெடுங்கள். அந்தத் தூள் மின்சாரம் கடத்தும். பக்கத்துத் தகடோடு ஷார்ட் ஆகி மோட்டார் அதிகமாக இழுக்கும். ஆனால் பழைய திறந்த மோட்டார்களில், குறிப்பாக ஹார்ன்பியின் எக்ஸ்04 வகையில், சுழலும் பகுதியான ஆர்மேச்சரைக் காந்தத்திலிருந்து வெளியே எடுக்காதீர்கள். அந்தக் கால அல்னிக்கோ காந்தம் இரும்பு இல்லாமல் திறந்து நின்றால் வலுவிழக்கும். காந்தம் தளர்ந்தால் மோட்டார் வேகமாகச் சுற்றும், இழுவை குறையும், மின்னோட்டம் ஏறும். ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அதே அளவு நியோடிமியம் காந்தம் போட்டால் பெரிய வித்தியாசம் தெரியும்.

எண்ணெய் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. கிருஷ்ணகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கிரானைட் பட்டறைத் தூசி காற்றிலேயே இருக்கும். அது எண்ணெயோடு சேர்ந்தால் கியருக்கு உப்புத்தாள் போட்டதுபோலத்தான். அச்சைத் தாங்கும் இடத்துக்கு ஊசி முனையில் ஒரு துளி, அதற்கு மேல் வேண்டாம். பாதையை ஓட்டாத நாளில் துணி போட்டு மூடிவையுங்கள்.

மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று அளவிடுங்கள்

இதை அளக்காமல் டீகோடர் வாங்கக் கூடாது. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் இடத்தில் வைத்து, 12 வோல்ட் டிசிக்கும் மோட்டாருக்கும் இடையே தொடராக இணையுங்கள். முதலில் சும்மா ஓடவிட்டுப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள பழைய மோட்டார் 0.2 முதல் 0.5 ஆம்பியருக்குள் இழுக்கும். பிறகு சக்கரத்தைக் கையால் நிறுத்திப் பிடித்து அளவைப் படித்துவிட்டு உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். இரண்டு நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள், மோட்டார் சுருள் எரியக்கூடும். இதுதான் ஸ்டால் மின்னோட்டம். வண்டி எங்காவது முட்டி நின்றால் டீகோடர் தாங்க வேண்டிய உச்சச் சுமை இது.

சக்கரத்தைப் பிடிக்கத் தயக்கமாக இருந்தால் மோட்டாரின் இரு ப்ரஷ்களுக்கு இடையே ஓம் அளவை எடுத்து 12ஐ அதனால் வகுங்கள். 20 ஓம் என்றால் 0.6 ஆம்பியர். 8 ஓம் என்றால் 1.5 ஆம்பியர். தோராயம்தான், ஆனால் டீகோடர் தேர்வுக்குப் போதும்.

ஸ்டால் 0.7க்குள் இருந்தால் சிறிய டீகோடரே போதும். 1 முதல் 1.5 வரை என்றால் பெரியது வேண்டும். உதாரணமாக இஎஸ்யுவின் 'லாக்சவுண்ட் 5' என்ற ஒலி டீகோடர் மோட்டாருக்கு 1.5 ஆம்பியர் தாங்கும், அதன் மைக்ரோ வகை 0.75தான். சவுண்ட்டிராக்ஸ் சுனாமி 2 வரிசையில் டிஎஸ்யு-1100 ஒரு ஆம்பியர், டிஎஸ்யு-2200 இரண்டு ஆம்பியர். 2 ஆம்பியருக்கும் மேலே போனால் டீகோடரில் செலவிடாமல் மோட்டாரையே மாற்றுங்கள். அடைப்பு வகைச் சின்ன மோட்டார் ஒன்றை அதே உயரத்துக்குத் தகடு வைத்துப் பொருத்திவிடலாம். ஒலிப் பலகையின் விலையோடு ஒப்பிட்டால் புதிய மோட்டாரின் விலை சிறியது.

மோட்டாரைச் சேசிஸிலிருந்து பிரிப்பது

இந்தக் கட்டத்துக்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு வகையில் செய்திருப்பார்கள்.

பழைய அதர்ன் 'நீலப்பெட்டி' என்ஜின்களில் மோட்டாரின் மேலே ஒரு உலோகக் கிளிப், கீழே ஒரு கிளிப். மேல் கிளிப்பை இரண்டு போகிகளோடும் (சக்கரத் தொகுதிகள்) ஒரு நீண்ட தகடு இணைக்கும். கீழ்க் கிளிப்பில் இரண்டு கூர்முனைகள் சேசிஸில் குத்தி நிற்கும். நீண்ட தகட்டைக் கழற்றிவிடுங்கள். கீழ்க் கிளிப்பை எடுத்து, கூர்முனைகளை அரத்தால் தட்டையாக்கி, சாம்பல் ஒயரை அதில் ஈயம் வைத்து மறுபடி மாட்டுங்கள். கிளிப்பைக் கழற்றும்போது ப்ரஷ்ஷும் ஸ்பிரிங்கும் துள்ளி வெளியே வரும், வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். சேசிஸில் மோட்டார் உட்காரும் பள்ளம் முழுவதும் வெப்ப டேப் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். மேல் கிளிப்பில் ஆரஞ்சு ஒயர்.

ஹார்ன்பி எக்ஸ்04 மோட்டாரில் ப்ரஷ்களை ஒரே ஸ்பிரிங் அழுத்தும். அதன் ஒரு காலில் மட்டும் இன்சுலேஷன் குழாய் இருக்கும், மறுகால் சேசிஸோடு சேர்ந்திருக்கும். அந்தக் காலுக்கும் சின்னக் குழாய் ஒன்று போட்டு, இரண்டு ப்ரஷ்ஷுக்கும் தனித்தனி ஒயர் எடுத்தால் வேலை முடிந்தது.

லிமாவிலும் பழைய ஹார்ன்பி டீசல்களிலும் தட்டையான வட்ட மோட்டார் போகியோடு சேர்ந்தே இருக்கும். இவற்றில் எந்த ப்ரஷ் உலோகத்தைத் தொடுகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஊகிக்காமல் மீட்டரை வைத்தே கண்டுபிடியுங்கள். தொடும் ப்ரஷ்ஷின் உலோக நாக்கை வெட்டியோ மடக்கியோ பிரித்து, அங்கே தனி ஒயர் வையுங்கள்.

மோட்டாரின் குறுக்கே பருப்பு அளவில் ஒரு கப்பாசிட்டர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். டிவி, ரேடியோவில் இரைச்சல் வராமல் தடுக்க அந்தக் காலத்தில் வைத்தது அது. இன்றைய டீகோடர்கள் மோட்டார் சுற்றும் வேகத்தை மோட்டாரிலிருந்தே திரும்ப வரும் மின்னழுத்தத்தால் அறிகின்றன. கப்பாசிட்டர் இருந்தால் அந்த அளவீடு குழம்பி வண்டி குதித்துக் குதித்துப் போகும்.

பிரித்தபின் சோதனை. மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் ஒலிக்கும் பஸ்ஸரில் வையுங்கள்.

1. முதல் ப்ரஷ்ஷுக்கும் சேசிஸுக்கும் இடையே: ஒலிக்கக் கூடாது.
2. இரண்டாம் ப்ரஷ்ஷுக்கும் சேசிஸுக்கும் இடையே: ஒலிக்கக் கூடாது.
3. ஒவ்வொரு ப்ரஷ்ஷுக்கும் இடப்பக்கச் சக்கரம், வலப்பக்கச் சக்கரம்: நான்கு முறையும் ஒலிக்கக் கூடாது.
4. வலப்பக்கச் சக்கரத்துக்கும் இடப்பக்கச் சக்கரத்துக்கும் இடையே: ஒலிக்கக் கூடாது.

சோதிக்கும்போதே மோட்டாரைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஒரே ஒரு கோணத்தில் மட்டும் தொடும் ஷார்ட்டும் உண்டு. பிறகு மேல்கூட்டைத் தற்காலிகமாக மாட்டி அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். கூட்டின் உள்பக்க எடைக்கட்டி மோட்டாரைத் தொட்டு டீகோடர் போவது அடிக்கடி நடக்கிறது.

ஒயர்களின் நிறமும் இணைப்பும்

டிசிசி ஒயர் நிறங்களை அமெரிக்க மாடல் ரயில் ஆர்வலர்களின் என்எம்ஆர்ஏ அமைப்பு தரப்படுத்தியிருக்கிறது. சிவப்பு வலப்பக்கத் தண்டவாளம், கறுப்பு இடப்பக்கத் தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் எல்லா விளக்குக்கும் பொதுவான பாசிட்டிவ், பச்சையும் ஊதாவும் கூடுதல் செயல்களுக்கு. ஸ்பீக்கர் ஒயரின் நிறம் தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும், கையேட்டைப் பார்த்தே இணையுங்கள்.

சாக்கெட் இல்லாத பழைய என்ஜினில் டீகோடர் ஒயர்களை நேரே ஈயம் வைக்கலாம். ஆனால் 21 முள் டீகோடரும், ஈயம் வைக்க இடமுள்ள இணைப்புப் பலகையும் வாங்குவதே நல்லது. கொஞ்சம் கூடுதல் விலை. பின்னாளில் டீகோடர் பழுதானாலோ, வேறு ஒலிப் பலகை வேண்டுமென்றாலோ உருவி மாற்றிவிடலாம். இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், சுமார் 30க்கு 16 மி.மீ. வேண்டும்.

சேசிஸ் வழியாக ஒரு தண்டவாளத்தின் மின்சாரம் வரும் என்ஜினில் அந்த ஒயரைச் சேசிஸில் ஒரு திருகுக்கு அடியில் கண்ணி போட்டு இறுக்கலாம். சேசிஸில் நேரே ஈயம் வைக்க முயன்றால் ஒட்டாது, அவ்வளவு உலோகம் சூட்டை இழுத்துவிடும். முடிந்தால் எல்லாச் சக்கரத்திலிருந்தும் மின்சாரம் எடுங்கள். பழைய லிமாவில் ஒரு போகியில் ஒரு பக்கம், மறு போகியில் மறுபக்கம் என்றுதான் எடுத்திருப்பார்கள். டிசியில் நொடி இடைவெளி வந்தாலும் வண்டி உருண்டு தாண்டிவிடும். டிசிசியில் ஒலி அறுந்து, டீகோடர் மறுபடி தொடக்கத்திலிருந்து என்ஜினை ஸ்டார்ட் செய்யும். பாஸ்பர் பிரான்ஸ் மெல்லிய தகட்டைச் சக்கரத்தின் பின்பக்கம் லேசாக உரசும்படி வைத்தால் தீர்ந்தது.

பழைய குண்டு பல்பை அப்படியே விடாதீர்கள். சேசிஸில் ஒரு முனையைச் சேர்த்திருப்பார்கள், சூடாகிக் கூட்டின் பிளாஸ்டிக்கையும் வளைக்கும். எல்இடி போடுங்கள். நீல ஒயர் எல்இடியின் நீளக் காலுக்கு, குட்டைக் காலிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனை வெள்ளை ஒயருக்கு. 14 வோல்ட்டில் எல்இடி 3 வோல்ட் எடுக்கும், மீதி 11 வோல்ட்டை 1000 ஓமால் வகுத்தால் 11 மில்லி ஆம்பியர். வெளிச்சம் கண்ணைக் குத்தினால் 2.2 கிலோ ஓம் போடுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தனி ரெசிஸ்டர்.

டீகோடர் முழுவதையும் ஹீட் ஷ்ரிங்கில் பொதியாதீர்கள், வெப்பம் வெளியேற வழியில்லாமல் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். சேசிஸைத் தொடும் பக்கம் மட்டும் வெப்ப டேப் போதும். நுரை வகை இருபக்க டேப் சித்திரை வெயிலில் தகரக் கூரை அறையில் இளகி நழுவும். அதனால் டேப்போடு ஒரு ஒயர்க் கட்டும் போட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே பழைய ஒலிப் பலகை இருந்தால்

இரண்டாயிரங்களில் வந்த சில என்ஜின்களில் தொழிற்சாலையிலேயே ஒலி இருக்கும். அவற்றை மாற்றும்போது மோட்டாரைப் பிரிக்கும் வேலை இல்லை. ஆனால் இரண்டு பொறிகள் உண்டு.

முதலாவது ஸ்பீக்கர். லாக்சவுண்டின் 3.5 தலைமுறை 100 ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்டது. அதன் பின் வந்தவை 4 அல்லது 8 ஓம் ஸ்பீக்கரை ஓட்டும். புதிய பலகையில் பழைய 100 ஓம் ஸ்பீக்கரை விட்டால் ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். எதிர்ப்பக்கம் இன்னும் மோசம்: பழைய பலகையில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் ஒலிப்பகுதியே எரிந்துபோகும். ஓம் அளவைப் பார்க்காமல் எந்த ஸ்பீக்கரையும் இணைக்காதீர்கள்.

இரண்டாவது விளக்கு. பழைய பலகையிலேயே ரெசிஸ்டரோ 1.5 வோல்ட் அமைப்போ இருந்திருக்கும். பலகையைக் கழற்றி ஒயரை நேரே புதிய டீகோடரில் வைத்தால் முதல் தடவை விளக்குப் பொத்தானான எஃப்0 அழுத்தியதுமே விளக்கு போய்விடும். ஒவ்வொரு விளக்குக்கும் புதிதாக ரெசிஸ்டர் வையுங்கள்.

உள்ளே இருப்பது யாருடைய டீகோடர் என்று கழற்றாமலே அறியலாம். டீகோடரின் அமைப்புகள் எண்ணிட்ட இடங்களில் பதிந்திருக்கும், அவற்றுக்கு சிவி என்று பெயர். கட்டுப்பாட்டுக் கருவியால் சிவி 8ஐப் படித்துப் பாருங்கள். 151 என்றால் இஎஸ்யு, 145 ஜிமோ, 141 சவுண்ட்டிராக்ஸ், 129 டிஜிட்ராக்ஸ், 113 க்யூஎஸ்ஐ, 99 லென்ஸ்.

ஸ்பீக்கரும் அதன் பெட்டியும்

ஒலி நன்றாக வராததற்குப் பெரும்பாலும் காரணம் பெட்டி இல்லாமல் மாட்டிய ஸ்பீக்கர். ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழிக்கும், முதலில் போவது கனமான அடித்தொனி. பின்பக்கத்தைக் காற்றுப் புகாமல் அடைத்தால் அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கர் போலக் கேட்கும்.

11க்கு 15 மி.மீ. அளவில் 'சுகர் க்யூப்' என்று விற்கும் 8 ஓம் ஸ்பீக்கர் பெரும்பாலான ஹெச்ஓ என்ஜின்களில் நுழையும். செல்போன் ரிப்பேர் கடையில் கிடைக்கும் ரிங்கர் ஸ்பீக்கரும் இதே வேலையைச் செய்யும், பலவற்றில் பெட்டியே சேர்ந்து வருகிறது. வாங்கும்போதே மீட்டர் வைத்து 6 முதல் 8 ஓம் வரை காட்டுகிறதா என்று பாருங்கள். 1 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் பெட்டி செய்து மூலைகளைப் பசையால் அடையுங்கள். ஒயர் வெளிவரும் துளையையும் மறக்காமல் அடைக்க வேண்டும். உதட்டில் வைத்து மெல்ல ஊதிப் பாருங்கள், காற்று கசிந்தால் தெரிந்துவிடும்.

நீள மூக்கு டீசலில் ரேடியேட்டர் விசிறிக்குக் கீழே மேல்நோக்கி வைத்தால் ஒலி கிராதி வழியாக வெளியே வரும். இடமில்லையென்றால் எரிபொருள் டேங்கில் கீழ்நோக்கி. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாகப் போட்டால் 4 ஓம், தொடராகப் போட்டால் 16. உங்கள் டீகோடர் 4 ஓமைத் தாங்குமா என்று கையேட்டில் பார்த்தபின்தான் இணையாகப் போடலாம். ஸ்பீக்கர் ஒயர் இரண்டும் சேசிஸைத் தொடக் கூடாது.

குறைந்த செலவில் கட்டுப்பாட்டுக் கருவி

கையில் டிசிசி கருவி இல்லாதவர்களுக்கு டிசிசி-இஎக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருள் சிறந்த தொடக்கம். வேண்டியவை: ஆர்டுவினோ மெகா என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று, அதன் மேல் மாட்டித் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் மோட்டார் ஷீல்டு ஒன்று, 14 அல்லது 15 வோல்ட் அடாப்டர். ஓட்டுவதற்குக் கணினியில் ஜேஎம்ஆர்ஐ மென்பொருள், ஆண்ட்ராய்டு போனில் இன்ஜின் டிரைவர் செயலி, இரண்டும் இலவசம். போனிலிருந்து ஓட்ட ஒரு வைஃபை பலகை சேர்க்க வேண்டும். ஆர்டுவினோ மோட்டார் ஷீல்டு ஆர்3 பயன்படுத்தினால் அதன் அடிப்பக்கத்தில் 'வின் கனெக்ட்' என்ற இணைப்பைக் கத்தியால் வெட்டிவிடுங்கள். வெட்டாவிட்டால் தண்டவாளத்துக்கான 15 வோல்ட் மெகாவுக்குள் போகும். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை இதற்கு எடுக்காதீர்கள்.

ஒரு விஷயம் உறுதியாகப் பின்பற்றுங்கள். டீகோடர் வைக்காத டிசி என்ஜினை டிசிசி பாதையில் நிறுத்தக் கூடாது. மோட்டார் ரீங்காரமிட்டுச் சூடாகிக்கொண்டே இருக்கும், இரும்பு மையம் இல்லாத மோட்டார் என்றால் சில நிமிடத்தில் போய்விடும்.

முதல் மின்சாரமும் அமைப்புகளும்

முதல் சோதனை எப்போதும் புரோகிராமிங் பாதையில், அதாவது சிவிகளைப் படிக்கவும் எழுதவும் தனியாக ஒதுக்கிய தண்டவாளத் துண்டில். அங்கே மின்னோட்டம் 250 மில்லி ஆம்பியர் அளவோடு நிற்கும், தவறான இணைப்பு இருந்தாலும் டீகோடர் பெரும்பாலும் தப்பிக்கும். சிவி 8ஐப் படியுங்கள். எண் வந்தால் தண்டவாள இணைப்பும் மோட்டார் இணைப்பும் சரி. டீகோடர் பதில் சொல்வது மோட்டாரைக் கணப்பொழுது இயக்கித்தான். அதனால் மோட்டார் ஒயர் விட்டிருந்தாலும், சக்கரம் அழுக்காக இருந்தாலும் 'பதில் இல்லை' என்றே வரும். பெரிய கப்பாசிட்டர் சேர்த்த ஒலிப் பலகையும் சிலவேளை இப்படிச் செய்யும், அதைக் கழற்றிவிட்டுப் படியுங்கள்.

அடுத்து முகவரி. புதிய டீகோடரின் முகவரி 3 என்றே இருக்கும். இந்திய என்ஜின் எண்கள் ஐந்து இலக்கம், டிசிசி கருவிகள் பொதுவாக 9999 வரைதான் ஏற்கும். கடைசி நான்கு இலக்கத்தை வைத்துக்கொள்ளலாம். 17845 என்ற எண்ணுள்ள டபிள்யூடிஎம்-2 டீசல் என்றால் 7845. கருவி தானே கணக்கிடும். கையால் எழுதுவதானால் 7845ஐ 256ஆல் வகுக்க 30, மீதி 165. 30ஓடு 192ஐக் கூட்டினால் 222. சிவி 17இல் 222, சிவி 18இல் 165, சிவி 29இல் 34. நெடுமுகவரிக்கு 32, நவீன வேகப்படிகளுக்கு 2, ஆக 34. வண்டி தலைகீழாக ஓடினால் 1 கூட்டி 35 ஆக்குங்கள், விளக்கும் சேர்ந்தே திரும்பும். டிசி பாதையிலும் ஓட வேண்டுமென்றால் 4 கூட்டலாம். ஆனால் பழைய டிரான்ஸ்ஃபார்மர் கட்டுப்பாட்டுக் கருவிகள் அதிக வோல்ட் தள்ளும். அதனால் அந்த வசதியை மூடிவைப்பதே பாதுகாப்பு.

லாக்சவுண்ட் 5இல் பழைய மோட்டாருக்குத் தானியங்கி அளவீடு உண்டு. பிரதான பாதையில் நீண்ட நேர்த்தண்டவாளத்தில் நிறுத்தி, சிவி 54இல் 0 எழுதி, எஃப்1 அழுத்துங்கள். வண்டி ஓரிரு நொடி முழுவேகத்தில் பாய்ந்து நிற்கும், முன்னால் இடம் விட்டுவையுங்கள். பழைய மோட்டாரில் மெதுவேகம் சீராவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒலி அளவு சிவி 63, உச்சம் 192. சின்ன ஸ்பீக்கருக்கு 90, 100 போதும். அதற்கு மேல் ஸ்பீக்கர் கரகரக்கும், நாளடைவில் கிழியும். சவுண்ட்டிராக்ஸில் இதே வேலை சிவி 128க்கு. எல்லாம் குழம்பிவிட்டால் பெரும்பாலான டீகோடர்களில் சிவி 8இல் 8 எழுதினால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும், முகவரி மறுபடி 3.

நம் தடத்து ஒலி

ஒலிக்கோப்பைத் தேர்ந்தெடுக்கும்போது என்ஜினின் பெயரைவிட அதன் உள்ளிருக்கும் டீசல் எந்திரத்தைப் பாருங்கள். டபிள்யூடிஎம்-2இல் இருப்பது 16 சிலிண்டர் ஆல்கோ 251. அமெரிக்க ஆல்கோ சி-424, சி-628 இவற்றின் கோப்பு அதே குடும்பம். மீட்டர் கேஜ் ஒய்டிஎம்-4இல் 6 சிலிண்டர் 251, 16 சிலிண்டர் கோப்பைப் போட்டால் தெரிந்தவர் காதுக்கு உடனே பொருந்தாது. டபிள்யூடிபி-4, டபிள்யூடிஜி-4 என்ஜின்களுக்கு 16 சிலிண்டர் ஈஎம்டி 710 கோப்பு.

ஹாரன்தான் சிக்கல். அமெரிக்கக் கோப்பின் ஹாரன் நம் ஊர் ஹாரன் போல இருக்காது. சுனாமி 2இல் உள்ளே இருக்கும் ஹாரன்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், புதிதாக ஏற்ற முடியாது. லாக்சவுண்டில், கணினியிலிருந்து ஒலியை ஏற்றும் லாக்புரோகிராமர் கருவி இருந்தால் நாமே பதிவுசெய்த ஹாரனை ஏற்றலாம். இந்திய ஒலி முக்கியம் என்றால் தொடக்கத்திலேயே லாக்சவுண்ட் வாங்குவதுதான் சரி. லாக்புரோகிராமரை இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கினாலே போதும், ஒரு என்ஜினுக்கு ஒரு முறைதான் தேவைப்படும்.

ஆல்கோ எந்திரத்தின் அழகு சுமையில்தான் தெரியும். தொப்பூரிலிருந்து சிவாடி நோக்கி டீசலில் ஏறிய சரக்கு வண்டியில் வேகம் குறைவு, ஒலி உச்சம். அதை மாதிரியில் கொண்டுவர, வேகமெடுப்பதைத் தாமதிக்கும் சிவி 3ஐ 40 வரை, நிற்பதைத் தாமதிக்கும் சிவி 4ஐ 30 வரை ஏற்றுங்கள். கைப்பிடியைத் திருகியதும் முதலில் எந்திரம் உறுமும், வண்டி பிறகு நகரும். இறக்கத்துக்கு டைனமிக் பிரேக் பொத்தானை ஒதுக்குங்கள், எந்திரம் அடங்கி விசிறி ஒலி மட்டும் எழும். டபிள்யூடிஎம்-2இல் எட்டு நாட்ச், அதாவது எந்திர விசைப் படிகள், உண்டு. உங்கள் ஒலிக்கோப்பில் நாட்ச் ஏற்ற, இறக்க இரண்டு பொத்தான்கள் இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள், தானியங்கியைவிட இயல்பாக இருக்கும்.

பொருத்தி முடித்த முதல் வாரம் தினமும் 20 நிமிடம் ஓட்டி, நிறுத்தியதும் மேல்கூட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. விரல் வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்தி, மோட்டாரின் மின்னோட்டத்தை மறுபடி அளந்து பாருங்கள். பெரும்பாலும் கியரில் எங்கோ பிடிப்பு இருக்கும், அல்லது ஒயர் ஒன்று கூட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே நசுங்கியிருக்கும்.